தற்காப்புக் கலைக்கு உரைகல் யாது?

சீன தேசத்துச் சிச்சுவான் மாகாணத்தின் தலைநகராகிய செங்டுவில், 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 27ஆந் திகதி, இருவர் பொருதனர். ஒருவர் வெய் லெய் என்னும் தாய்ச்சி ஆசிரியர். மற்றவர் பெய்ஜிங் நகரிலே கலப்பு மற்போர் பயிற்றும் சூ சியாவ்டொங். இணையத்திலே சொற்போராகத் தொடங்கிய பிணக்கு அன்று கைப்போராய் முடிந்தது. வெய் லெய் கையை முன்னே நீட்டித் தம் கலைக்குரிய நிலையில் நின்றார். சூ பாய்ந்தார். அரை நிமிடங் கழியுமுன் தாய்ச்சி ஆசிரியர் தரையிற் கிடந்தார்.

நிகழ்ச்சி அவ்வளவே. அதன்பின் விளைந்தவையே சிந்திக்கத் தக்கவை. சீன வூஷூச் சங்கம் இத்தகைய போர் கலையறத்துக்கு மாறானது என்று கண்டித்து அறிக்கை விடுத்தது. சூவின் சமூக வலைத்தளக் கணக்கு மூடப்பட்டது. மரபைக் காக்க முன்வந்த செல்வர் ஒருவர், சூவை வெல்லும் மரபுக்கலை வல்லாருக்கு ஒரு கோடி யுவான் தருவதாக அறிவித்தார். 2019இல், புகழ்பெற்ற தாய்ச்சி ஆசான் ஒருவரை இகழ்ந்தமைக்காகச் சூ மன்னிப்புக் கேட்கவும் இழப்பீடு கொடுக்கவும் வேண்டுமென நீதிமன்று பணித்தது. அவ்வழக்கின் விளைவாக விமானத்திலும் அதிவேகப் புகைவண்டியிலும் செல்ல அவருக்குத் தடையும் நேர்ந்தது. வீழ்ந்தவருக்கு அனுதாபமும் வீழ்த்தியவருக்குத் தண்டமும் கிடைத்த விநோதமான போர் இது.

தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்கு மற்போரிலே என்ன அலுவல் என்று வாசகர் கேட்கக் கூடும். இப்போரின் படம் எங்கள் கல்லூரி மாணாக்கர் பலருடைய கைபேசியில் இருக்கின்றது. அதை முன்வைத்து அவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுகின்றனர். பழைய கலைகள் யாவும் பொய் என்பது ஒரு கட்சி. மெய்யான ஆசான் மலையிலே மறைந்து வாழ்கின்றான், அவன் மேடைக்கு வாரான் என்பது மற்றைக் கட்சி. இரு சாராரும் கலையின் பெயரைப் பிடித்துக்கொண்டு வழக்காடுகின்றனர். எனக்குப் பெயர் பெரிதாகத் தோன்றவில்லை. ஒருவன் பல்லாண்டு கற்ற ஒன்று வேண்டுங் காலத்தில் அவனுக்கு உதவுமா, உதவும் என்பதை முன்கூட்டியே எவ்வாறு அறிவது என்பதே எனக்குக் கேள்வி. இது மல்லருக்கு உரியதாயினும், அதனினும் மிகுதியாக ஆசிரியருக்கு உரிய கேள்வி. நம் பிள்ளைகள், சிறப்பாகப் பெண் பிள்ளைகள், தற்காப்பு என்ற பெயரிலே கட்டணங் கொடுத்துக் கராத்தே கற்கும் காலம் இது. ஆதலின் இக்கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது.

செங்டுப் போர் இவ்வகையிலே முதலாவதன்று. 1954ஆம் ஆண்டு சனவரி 17ஆந் திகதி, அக்காலத்தில் போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்த மக்காவு நகரில், தாய்ச்சி ஆசிரியர் வூ குங்யீயும் வெண்ணாரைக் கலை வல்ல சான் ஹக் பூவும் பொருதனர். முன்னவர் ஐம்பதைக் கடந்தவர். பின்னவர் முப்பதுகளில் இருந்தவர். முந்திய நத்தார் இரவில் ஹொங்கொங்கின் செக் கிப் மெய் குடிசைப் பகுதியைச் சுட்டெரித்த பெருந்தீயினால் வீடிழந்தோருக்கு அப்போர்வழி நிதி திரட்டப்பட்டது. இரண்டாஞ் சுற்றிலே நடுவர் போரை நிறுத்தினர். வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை, சமமுமில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. நடுவருக்கு அத்துணைச் சங்கடம்! அப்போரின் அசைபடம் இன்றும் காணக் கிடைக்கின்றது. அதிலே நாரையின் சிறகும் இல்லை, மேகத்தின் மென்மையும் இல்லை. இரண்டு மனிதர் பதைபதைப்போடு கைகளை வீசுகின்றனர். மூக்கிலே குருதி வடிகின்றது.

மூன்று நாள் கழிந்தது. சனவரி 20ஆந் திகதி ஹொங்கொங்கின் ‘நியூ ஈவினிங் போஸ்ட்’ என்னும் சீன மாலைப் பத்திரிகை, லியாங் யுஷெங் என்ற புனைபெயரிலே ஒரு வீரத் தொடர்கதையைத் தொடங்கிற்று. மக்காவுப் போர் கிளப்பிய பரபரப்பே அதற்கு மூலம். அடுத்த ஆண்டில் அதே பத்திரிகையில் ஜின் யோங் எழுதத் தொடங்கினார். கூரைக்குக் கூரை தாவும் வீரரும், விரல் நுனியால் நாடியைத் தொட்டு ஆளைச் சிலையாக்கும் ஆசான்களும் கோடிக் கணக்கான சீன வாசகரின் உள்ளத்திலே குடியேறியது இவ்வழியாகத்தான். மேடையிலே மூக்கில் வடிந்த குருதியைக் கண்டவர் சில ஆயிரவர். கதையைப் படித்தவரோ தலைமுறை தலைமுறையாகப் பெருகினர். அதே ஆண்டுகளில் நம்மிடையே ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் தொடராக வந்து 1954இல் நிறைவெய்தியது. வந்தியத்தேவனைப் படித்தோர் எவரும் அவனை நம்பி வாட்போருக்குப் புறப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சீனத்திலே இலக்கியம் வேறொரு வேலையுஞ் செய்தது. கற்பனை ஆசானை, உயிரோடிருக்கும் ஆசானுக்குப் பிணையாக நிறுத்திற்று.

வெய் லெய்யின் புகழும் அவ்வாறு வந்ததே. செங்டுப் போருக்கு முன்னர் அவர் சீனத் தேசியத் தொலைக்காட்சியில் தோன்றியிருந்தார். அவர் உள்ளங்கையில் இருந்த புறா பறக்கமாட்டாது நின்றது. வத்தகப்பழத்தின் தோல் கிழியாமல் உட்சதை மாத்திரம் சிதைந்தது. இவை காட்டப்பட்டன; கண்டோர் வியந்தனர். புறாவுக்கும் வத்தகப்பழத்துக்கும் உள்ள பொதுத்தன்மை ஒன்றை எவருங் கவனித்திலர். இரண்டும் திருப்பி அடிக்கமாட்டா.

யப்பானிலே இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. யானகி ரியூக்கென் என்னும் முதியவர் தொடாமலே மனிதரை வீழ்த்தும் ஆற்றல் உடையவராக விளங்கினார். அவர் கையசைத்தால் மாணாக்கர் வரிசை வரிசையாக உருண்டு விழுவர். 2006ஆம் ஆண்டில் இவகுரா என்னும் மற்போர் வீரர் அவரை எதிர்த்து நின்றார். முதியவர் கையசைத்தார். வந்தவர் விழவில்லை, முகத்திலே குத்தினார். சில கணங்களில் முதியவர் குருதியோடு தரையில் இருந்தார். பார்க்கச் சகியாத காட்சி. ஆயினும் அந்தப் படத்தை நான் ஆசிரியர் கலாசாலைகளிலே காட்ட வேண்டும் என்பேன். யானகி பொய்யர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பொய்யராயின் பந்தயங் கட்டி அந்நியன் ஒருவன்முன் நின்றிருப்பாரா? தம் ஆற்றலை அவர் மெய்யாகவே நம்பினார் என்றே நான் கருதுகின்றேன். அந்நம்பிக்கையை அவருக்கு ஊட்டியவர் அவருடைய மாணாக்கர்.

இது எவ்வாறு நிகழ்கின்றது என்பது வகுப்பறையில் நின்றவருக்கு விளங்கும். ஆசிரியர் ஒரு வினா வினவுகின்றார். அவர் எதிர்பார்க்கும் விடை இன்னதென்று கெட்டிக்கார மாணவன் அவர் புருவத்தைக் கொண்டே அறிந்துகொள்கின்றான். விடை வருகின்றது, ஆசிரியர் மகிழ்கின்றார். அவர் பாடம் விளங்கியதாகவே நினைக்கின்றார். அடுத்த மாணவனும் அவ்வாறே சொல்கின்றான். பத்தாண்டு இவ்வாறு நிகழ்ந்தால், தம் விளக்கத்துக்கு மறுப்பே இல்லை என்று ஆசிரியர் நம்புவதில் வியப்பென்ன? பயிற்சிக் கூடத்திலும் இதுவே நடக்கின்றது. முதல் மாணவன் மரியாதைக்காகச் சிறிது தளர்கின்றான். இரண்டாமவன் முதல்வனைக் கண்டு தளர்கின்றான். விழாமல் நிற்பவன் கலையறியாதவன் என்ற பெயரைப் பெறுகின்றான். ஆகவே எல்லோரும் விழுகின்றனர். ஏமாற்றியவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாத ஏமாற்று இது. பணிவு என்னும் நற்குணமே அதற்கு முதலாயிற்று.

நம் முன்னோர் இந்நோயை அறிந்திருந்தனர். அதனால் நூலை இயற்றியவன் அதைத் தன் மாணாக்கருக்கு மாத்திரம் படித்துக் காட்டி அமையவில்லை. அரங்கேற்றினான். அவையிலே அவனுக்குக் கடமைப்படாதோர், ஏன், அவனைப் பிடிக்காதோருங்கூட இருந்தனர். தடை கிளப்பினர், விடை பெற்றனர். வள்ளுவர் ‘அவையஞ்சாமை’ அதிகாரத்திலே, அவைக்கு அஞ்சுவான் கற்ற நூலையும் போரிலே அஞ்சுவான் கையிலுள்ள வாளையும் ஒப்பிடுகின்றார். வாளில் குற்றமில்லை, அது கூரியதே. நூலிலும் குற்றமில்லை. எதிர்ப்பவன்முன் எடுத்தறியாத கையிலேதான் குற்றம். தாய்ச்சி மெய்யா பொய்யா என்ற வாதத்துக்கு இதனினும் நேரிய விடையை நான் காணவில்லை.

இடையே ஒன்று. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், எழுபது வயதை நெருங்கிய மா பாவ்குவோ என்னுந் தாய்ச்சி ஆசிரியர் மேடையேறி, அரை நிமிடத்துள் மூன்று முறை வீழ்த்தப்பட்டு மூர்ச்சையானார். அவருடைய பேச்சும் தோல்வியும் நாடெங்கும் நகைப்புக்கு இடமாயின. அதே ஆண்டிலே சீன வூஷூச் சங்கம், கலைஞர்கள் ‘பேராசான்’, ‘குலபதி’ போன்ற பட்டங்களைத் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளலாகாது என்று அறிவுறுத்தியது. நல்ல அறிவுரை. கடல் கடந்து வேறு துறைகளுக்கும் அதனை இறக்குமதி செய்யலாம். பெயருக்கு முன்னே பட்டம் உடையவன் நானும் என்பதால் இவ்வளவில் நிறுத்திக்கொள்கின்றேன்.

எதிர்ப்பைப் பாடத்தின் உள்ளேயே வைத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது நமக்குப் பெருமை. கானோ ஜிகொரோ 1860இல் பிறந்தவர். பிற்காலத்தில் தோக்கியோ உயர்தர ஆசிரியர் கலாசாலையின் தலைவராய்ப் பல்லாண்டு விளங்கியவர். 1882ஆம் ஆண்டிலே ஒரு பௌத்த கோயிலின் அறையில் ஒரு சில மாணாக்கரோடு கொடொகான் என்ற கூடத்தை நிறுவினார். பழைய ஜுஜுட்சுக் கலையிலே உயிர்போக்கும் அடிகளும் மூட்டை முறிக்கும் பிடிகளும் மிகுதி. அவற்றைத் தோழன்மேல் முழுவலியோடு பயில முடியுமா? முடியாது. ஆகவே பழைய கூடங்கள் பலவற்றில் அவை ஒழுங்கு குலையாத அபிநயமாகவே பயிலப்பட்டன. கானோ அபாயமானவற்றைப் பிரித்து அபிநயப் பயிற்சியிலே வைத்தார். எஞ்சிய பிடியையும் வீழ்த்தலையும் இருவர் முழு வலியோடும் முழு எதிர்ப்போடும் நாள்தோறும் பயிலச் செய்தார். ‘ரன்தோரி’ என்பது அப்பயிற்சி. கொல்லும் அடியைக் கற்றவன், கொல்லாத பிடியைக் கற்றவனிடம் தோற்றான்! முன்னவன் தன் அடியை ஒருநாளும் எவன்மேலும் அடித்ததில்லை. பின்னவன் தன் பிடியை ஆயிரம் முறை தோற்றுத் தோற்றுத் திருத்தியவன்.

அந்தக் கூடத்தின் மாணவராகிய மாயெடா என்பவர் பிரேசிலுக்குச் சென்று குடியேறினார். அவரிடங் கற்றதைக் கிரேசி குடும்பத்தார் தம் வழியில் வளர்த்தனர். 1993ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் டென்வர் நகரிலே, வெவ்வேறு கலைகளைச் சேர்ந்த எண்மர் ஒரே இரவில் பொருதனர். கடித்தலும் கண்ணைக் குத்துதலும் விலக்கு. பிற யாவும் ஏறத்தாழ அனுமதி. ஒரு கையில் மாத்திரம் கையுறை அணிந்து வந்த குத்துச்சண்டை வீரரும் அவருள் ஒருவர். மெலிந்த தோற்றமுடைய ரொய்ஸ் கிரேசி மூவரை அடுத்தடுத்து வென்றார். மூன்று போருக்குஞ் சேர்த்து ஐந்து நிமிடமளவே சென்றது. பருத்தவன் வெல்வான், பயங்கரமான உதை உடையவன் வெல்வான் என்றிருந்தோர் திகைத்தனர். சூ சியாவ்டொங் பயிற்றும் கலப்பு மற்போர், அந்த இரவு உலகறியச் செய்த பாடத்தின் வழிவந்தது.

நிற்க. இவ்வளவையும் கொண்டு, மேடையில் வெல்லும் கலையே வீதியிலும் காக்கும் கலை என்று முடித்துவிடலாமா? என் மாணாக்கருள் முதற் கட்சியார் அவ்வாறே முடிக்கின்றனர். அவர்களுடைய அவசரம் எனக்கு உடன்பாடன்று. மேடையிலே எதிரி ஒருவன். அவன் பெயரும் நிறையும் முன்னரே தெரியும். கீழே மெத்தை, அருகே நடுவர், வெளியே மருத்துவர். இருவரும் போருக்கு இசைந்து வந்தவர்கள். வீதியில் வருபவன் இசைவு கேளான். அவனுக்குத் துணைவர் இருக்கலாம். கையிலே கத்தி இருக்கலாம். டென்வரிலே வெற்றி தந்த உபாயம் எதிரியைத் தரைக்கு இழுத்து அவன்மேற் படர்தல். தார்வீதியிலே அவ்வாறு ஒருவன்மேற் படர்ந்து கிடப்பவன், அவன் தோழனுடைய காலுக்குத் தன் தலையைக் கொடுத்தவன் ஆவான். கத்தியின்முன் வெறுங்கையர் எவரும் காயமின்றி மீள்வதற்கு உறுதி கூற முடியாது. உறுதி கூறும் ஆசிரியரிடத்திற் பிள்ளையை விடாதீர்கள். பணப்பையைக் கேட்பவனுக்குப் பணப்பையைக் கொடுத்தலும், ஓட வழியுண்டாயின் ஓடுதலும் கலையின் புறத்தே உள்ளவை அல்ல.

சட்டத்தின் நோக்கும் வேறு. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை தற்காப்புரிமையை ஒப்புக்கொள்கின்றது. ஆயினும் காத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு மேற்பட்ட தீங்கை அது அனுமதிப்பதில்லை. மேடையில் நடுவர் தடுக்கும்வரை அடிக்கலாம். வீதியில் நடுவர் இல்லை. தன்னைத் தானே தடுத்துக்கொள்ள அறியாதவன் காலையில் முறைப்பாட்டாளனாகவும் மாலையில் எதிரியாகவும் நிற்க நேரும். இதனைக் கற்பிக்கும் கூடங்கள் மிகச் சில.

ஆகவே ‘இக்கலை பயன்படுமா’ என்ற வினா குறை வினா. எவரிடமிருந்து, எவ்விடத்தில், எவருக்கு என்ற சொற்கள் அதனோடு சேர்தல் வேண்டும். சேர்த்துப் பார்த்தால் விந்தையான முடிவுகள் கிடைக்கின்றன. செங்டுவில் நகைப்புக்கு இடமான தாய்ச்சியையே எடுத்துக்கொள்வோம். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் கொலையுண்டோர் ஏறத்தாழ 4,58,000 பேர் என்பது ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்கு. தவறி விழுவதால் ஆண்டுதோறும் இறப்போர் ஏறத்தாழ 6,84,000 பேர் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. அவருள் முதியோரே மிகுதி. முதியோர் விழுதலைத் தடுக்கும் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளையெல்லாந் தொகுத்து நோக்கிய கொக்கிரேன் மதிப்பீடு 2019இல் வெளியாயிற்று. தாய்ச்சி பயில்வோருள் விழுவோர் தொகை ஐந்திலொன்றளவு குறையும் என அது கண்டது. என் வயதினருக்கு இருட்டிலே பதுங்கியிருக்கும் கள்வனைக் காட்டிலும் ஈரமான கிணற்றடியே கொடிய பகைவன். அப்பகைவனை எதிர்க்கத் தாய்ச்சி தக்க கலை; சூவின் கலப்பு மற்போரால் நம் இடுப்பெலும்புக்குப் பயனில்லை. 2020 திசம்பரில் தாய்ச்சி யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த மரியாதைக்கு அது உரியதே. புறாவைக் கையில் ஏந்தாமல் இருந்தால் போதும்.

இனி, நம் பெண் பிள்ளைகளின் காரியம். இங்கேதான் பிழையான மதிப்பீடு உயிரோடு விளையாடுகின்றது.

அயலிலுள்ள பாடசாலை ஒன்றில் கராத்தேத் தரப் பரீட்சைக்கு என்னை விருந்தினனாக அழைத்திருந்தனர். நாற்பது சிறுமியர், வெண்ணுடை, வண்ணப் பட்டி, ஒரே குரல். காற்றை உதைத்தனர், காற்றைக் குத்தினர். அழகிலே குறையில்லை. இரண்டு மணி நேரத்தில் ஒரு பிள்ளையாவது மற்றொரு பிள்ளையின் மணிக்கட்டைப் பற்றி இழுத்ததை நான் காணவில்லை. பயிற்றுநரிடங் கேட்டேன். “அது மேல்தரத்தில் வரும், ஐயா” என்றார். மேல்தரம் எப்போது என்றேன். நான்கு வருடமாகும் என்றார். நல்ல மனிதர், பிள்ளைகளிடத்து அன்புடையவர். தாம் கற்ற முறையிலே கற்பிக்கின்றார். ஆயினும் சான்றிதழிலே ‘தற்காப்பு’ என்ற சொல் அச்சாகியிருந்தது. அச்சொல்லை நம்பி ஒரு தாய் தன் மகளை இருளில் தனியே அனுப்பக்கூடும். சிலம்பமாயினும், நம் தீவின் அங்கம்பொரவாயினும், பக்கத்து நாட்டுக் களரியாயினும், இவ்வினாவை அவற்றிடமும் கேட்கத்தான் வேண்டும். நம்முடையது என்பதால் விலக்களிக்க இயலாது.

விருந்துபசாரத்தின்போது ஒரு சிறுமி பயிற்றுநரை அணுகி ஒரு கேள்வி கேட்டாள். “சேர், பிடிக்கிறவர் மாமாவா இருந்தா அடிக்கலாமா?” அருகிருந்தோர் சிரித்தனர். பயிற்றுநரும் சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை.

அக்கேள்வியே இப்பொருளின் நடு. 2023ஆம் ஆண்டில் உலகிலே கொலையுண்ட பெண்கள், சிறுமியருள் நூற்றுக்கு அறுபதின்மர், அதாவது ஏறத்தாழ 51,100 பேர், கணவராலோ துணைவராலோ உறவினராலோ கொல்லப்பட்டனர் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு மதிப்பிட்டது. நாம் பிள்ளைக்குக் காட்டும் பகைவன் முகமூடி அணிந்த அந்நியன். மெய்யான பகைவனோ பெரும்பாலும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு வருகின்றான். அவனை எதிர்க்கத் தடையாயிருப்பது கைவலியின் குறை மாத்திரமன்று. ‘இவரிடம் குரல் உயர்த்தலாமா’ என்ற தயக்கமே முதற்றடை. காற்றை உதைக்கும் பயிற்சி அத்தயக்கத்தைத் தொடுவதேயில்லை. மாறாக, பெரியோர் சொன்னபடி வரிசையில் நின்று செய்தல் என்ற பழக்கத்தையே மேலும் உறுதிப்படுத்துகின்றது. இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சியில்லை.

இதற்குச் சான்றோடு கூடிய மறுவழி ஒன்று உண்டு. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களிலே முதலாம் வருட மாணவியர் 893 பேரை இரு பிரிவாக்கி ஓர் ஆய்வு நடத்தினர். வின்சர் பல்கலைக்கழகத்துச் சார்லின் சென் அதன் தலைவர். முடிவு 2015இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளியாயிற்று. ஒரு பிரிவினர் நான்கு அமர்வுகளாகப் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி பெற்றனர். மற்றவருக்குத் துண்டுப் பிரசுரங்கள் மாத்திரமே. ஓராண்டு கழிந்த பின் கணக்கெடுத்தபோது, பிரசுரம் பெற்றோருள் வன்புணர்ச்சிக்கு ஆளானோர் நூற்றுக்கு 9.8, பயிற்சி பெற்றோருள் 5.2. ஏறத்தாழப் பாதி. பன்னிரண்டு மணி நேரம்! ஒரு வெள்ளைப் பட்டி மஞ்சட் பட்டியாவதற்கும் அதனினும் மிகுந்த நேரம் வேண்டும்.

அப்பயிற்சியிலே என்ன இருந்தது என்பது கவனிக்கத் தக்கது. அடியும் உதையும் ஒரு பகுதியே. எஞ்சிய நேரம், தெரிந்தவன் எல்லை மீறத் தொடங்கும் அடையாளங்களை அறிதலிலும், அறிந்தவனிடத்தே ‘வேண்டாம்’ என்று உரத்துச் சொல்லத் தடையாயிருக்கும் நாணத்தையும் அச்சத்தையும் வெல்லுதலிலும், தன் விருப்பம் இன்னதென்று தானே தெளிதலிலும் சென்றது. அந்தச் சிறுமியின் கேள்வியைச் சிரிக்காமல் எடுத்து விடை சொன்ன பாடம் அது. வன்செயலின் பழி செய்தவனுக்கே உரியது. தடுக்கத் தவறினாள் என்று பெண்ணைக் குற்றஞ்சாட்ட இப்புள்ளிகளை எவரும் கையாளலாகாது. பயிற்சி பெற்றோருள்ளும் நூற்றுக்கு ஐவர் தப்பவில்லை என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும்.

சூ சியாவ்டொங்கையும் இங்கே ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். வெய் லெய்யின் கலையிலே எதிர்ப்பு இல்லை என்று அவர் காட்டினார், அது மெய். அவருடைய கலையிலோ எதிர்ப்பு நிறைய உண்டு. ஆயினும் அது எதிரி என்று முன்னரே குறிக்கப்பட்டவனுடைய எதிர்ப்பு. மாமாவை எதிரி என்று முதன்முதல் அறிந்துகொள்ளும் அக்கணத்துக்கு மேடையில் ஒத்திகை கிடையாது. செங்டுவின் இரு கட்சியாரும் ஒருவரையொருவர் பார்த்து உரத்துப் பேசிய காலத்திலே, இந்தப் பொருள் அவர்களிடையே எழவேயில்லை.

பரீட்சை முடிந்து சில நாட்களின் பின் அப்பயிற்றுநரோடும், அப்பாடசாலையிலே சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கும் ஆசிரியையோடும் உரையாடினேன். கராத்தேயை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு உடல் உறுதியும் ஒழுங்கும் அதனாற் கிடைக்கின்றன. கூடி நின்று உரத்துக் கூவும் வாய்ப்பு நம் சிறுமியருக்கு வேறெங்கே உண்டு? சனிக்கிழமைதோறும் இறுதி அரை மணி நேரத்தில் வரிசையைக் கலைத்து, ஒருத்தி மற்றொருத்தியை மெய்யாகவே பற்றி இழுக்க, இழுபட்டவள் கூவிக்கொண்டு விடுவித்து ஓடப் பழக்குவதாகப் பயிற்றுநர் இசைந்தார். முதற் கிழமையில் ஒருத்தியும் விடுபடவில்லை என்றும், மூன்றாங் கிழமையில் சிலர் விடுபட்டனர் என்றும் பின்னர் சொன்னார். தம் மாணவியர் தம்மை இழுத்து விழுத்தியதையும் சொன்னார். அதிலே அவருக்கு வருத்தமில்லை. மற்றைப் பாதியை, அதாவது தெரிந்தவரிடத்திலே உரத்து மறுக்கும் பாடத்தை, ஆசிரியை எடுக்க விரும்புகின்றார். அதற்குரிய குறிப்புகளையும் எழுதி வைத்திருக்கின்றார். நேரசூசியில் இன்னும் இடம் கிடைக்கவில்லை.